அனுப்புநர் டொமைனைக் கொண்டு ஸ்பாமைத் தடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் ஒரு கூட்டுறவு அமைப்பின் மின்னஞ்சல் சேவையகத்தை நான் பராமரித்து வருகிறேன். பரந்தன், மாங்குளம், முல்லைத்தீவுப் பக்கங்களில் இதேபோன்ற சிறிய சேவையகங்களை வைத்திருப்பவர்கள் தொலைபேசியில் அழைத்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் கேட்பார்கள்: “தடுத்த பிறகும் வருகிறது, ஏன்?” அல்லது “தடுக்காததும் வராமல் நிற்கிறது, ஏன்?” அந்தக் கேள்விகளை விடைகளோடு கீழே தொகுத்திருக்கிறேன். ஸ்பாம் என்பது கேட்காமல் வந்து குவியும் அஞ்சல்; டொமைன் என்பது மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர். எல்லாம் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சேவையக மென்பொருளை வைத்தே எழுதப்பட்டவை. அமைப்புகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கோப்பில் எழுதும்போது அவற்றின் சொற்களுக்கு இடையே அடிக்கோடு வரும்.

ஒரு டொமைனைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். அதே டொமைனின் பெயரில் ஸ்பாம் தொடர்ந்து வருகிறது. பட்டியல் வேலை செய்யவில்லையா?

பெரும்பாலும் பட்டியல் ஒழுங்காகவே வேலை செய்துகொண்டிருக்கும். நீங்கள் தடுத்த பெயரும் சேவையகம் பார்க்கும் பெயரும் வேறு வேறாக இருப்பதுதான் சிக்கல்.

தபாலில் வரும் ஒரு கடிதத்தை எண்ணிப் பாருங்கள். உறையின் பின்புறத்தில் அனுப்புநர் முகவரி ஒன்று இருக்கும். உள்ளே கடிதத்தின் தலைப்பிலும் ஒரு முகவரி இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று தபாற்காரர் வற்புறுத்துவதில்லை, அவர் உறையைப் பிரித்துப் பார்ப்பதுமில்லை. மின்னஞ்சலும் அப்படித்தான். அனுப்பும் சேவையகம் உங்கள் சேவையகத்தோடு பேசத் தொடங்கி ‘மெயில் ஃபிரம்’ என்ற கட்டளையில் தரும் முகவரியே உறை முகவரி. வாசகரின் திரையில் தெரிவது, கடிதத்துக்குள் இருக்கும் ‘ஃபிரம்’ வரி. ஆர்எஃப்சி எனப்படும் இணைய விதி ஆவணங்களில் 5321 முதலாவதையும் 5322 இரண்டாவதையும் வரையறுக்கின்றன. போஸ்ட்ஃபிக்ஸின் ‘செக் சென்டர் அக்சஸ்’ பட்டியல் உறை முகவரியை மட்டுமே பார்க்கும். திரையில் தெரியும் பெயரைப் பார்த்துப் பட்டியலில் எழுதினால், உறையில் வேறு பெயர் இருக்கும்வரை அந்த வரி எதையும் தடுக்காது.

மொத்த அஞ்சல் அனுப்பும் சேவைகளில் இது வழமையானது. கடை ஒன்றின் விளம்பரம் அந்தக் கடையின் பெயரில் தெரியும்; உறையிலோ அனுப்பும் சேவையின் டொமைனும், திரும்பி வரும் அஞ்சல்களை அடையாளம் காண உதவும் நீண்ட எழுத்துக் கோவை ஒன்றும் இருக்கும். ஆகவே முதலில் அந்த அஞ்சலின் முழுத் தலைப்பையும் திறந்து, மேலே இருக்கும் ‘ரிட்டர்ன் பாத்’ வரியைப் பாருங்கள். அஞ்சலைப் பெட்டியில் சேர்க்கும்போது உங்கள் சேவையகம் எழுதிய உறை முகவரி அதுதான். பட்டியலில் இருக்கவேண்டிய பெயரும் அதுவே.

அப்படியானால் திரையில் தெரியும் ‘ஃபிரம்’ வரியை வைத்தே தடுக்க முடியாதா?

முடியும். ‘ஹெடர் செக்ஸ்’ என்ற பட்டியலில் ஒழுங்குக் கோவை (எழுத்துகளின் அமைப்பைத் தேடும் ‘ரெகுலர் எக்ஸ்பிரெஷன்’) ஒன்றை எழுதினால், ‘ஃபிரம்’ என்று தொடங்கும் வரியில் அந்த டொமைன் இருக்கும் அஞ்சல்களை மறுக்கலாம். கோவையில் புள்ளிக்கு முன் பின்சாய்கோடு இட மறக்க வேண்டாம். தனிப் புள்ளிக்கு எந்த எழுத்தும் பொருந்தும் என்பதால், நீங்கள் நினைத்திராத டொமைன்களும் அதில் சிக்கிக்கொள்ளும்.

இந்தப் பட்டியல் உள்ளே வரும் அஞ்சல்களோடு நிற்பதில்லை. வெளியே போகும் அஞ்சல்களையும் பார்க்கிறது. இணைப்பாகச் சேர்க்கப்பட்ட அஞ்சல்களின் தலைப்பு வரிகளும் இயல்பான அமைப்பில் இதே பட்டியலால்தான் சோதிக்கப்படுகின்றன. இதை நான் அறிந்துகொண்ட விதம் வேடிக்கையானது. ஸ்பாம் வந்தால் அதை அப்படியே இணைப்பாக எனக்கு அனுப்பிவையுங்கள் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். ஒருநாள் கணக்குப் பிரிவிலுள்ள அக்கா வந்து, “தம்பி, நீங்கள் சொன்ன மாதிரித்தான் அனுப்பினனான், உங்கட பெட்டிதான் வேண்டாம் எண்டு திருப்பி அனுப்புது” என்றார். இணைப்புக்குள் இருந்த ‘ஃபிரம்’ வரியைக் கண்டு என் கோவையே அதை மறுத்திருந்தது. ‘நெஸ்டட் ஹெடர் செக்ஸ்’ அமைப்புக்கு வேறு வெற்றுப் பட்டியல் ஒன்றைக் கொடுத்ததும் அந்த முறைப்பாடு நின்றது.

பதிவுக் கோப்பில் எதைத் தேட வேண்டும்?

அனுப்புநர் பட்டியலால் மறுக்கப்பட்ட அஞ்சலுக்குப் பெரும்பாலும் ‘நோகியூ: ரிஜெக்ட்’ என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். அந்த ஒரே வரியில், இணைந்த சேவையகத்தின் ஐபி முகவரி, மறுப்பு எண், காரணம், உறை அனுப்புநர், பெறுநர் எல்லாம் அடங்கியிருக்கும். வரியில் ‘ஆர்சிபிடி’ (பெறுநரைச் சொல்லும் கட்டளை) என்று இருப்பதைப் பார்த்து, பெறுநரில்தான் பிழை என்று சிலர் தவறாக முடிவு செய்கிறார்கள். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகவே மறுப்பைப் பெறுநர் கட்டளை வரும்வரை பிற்போடுகிறது. அதனால் அனுப்புநருக்கான மறுப்பும் அந்தப் பெயரோடு பதிவாகிறது. யாருக்கு வந்த அஞ்சல் மறுக்கப்பட்டது என்பதும் தெரிவதால், இந்தப் பிற்போடலை நிறுத்தாமல் விடுவதே நல்லது.

நேரத்தையும் கவனியுங்கள். பல சேவையகங்கள் உலகப் பொது நேரத்தில் பதிவு எழுதும். நமது நேரம் அதிலிருந்து 5 மணி 30 நிமிடம் முந்தியது. காலை 9:12க்கு அனுப்பியதாக ஒருவர் சொன்னால், அதைக் கோப்பில் 3:42இல் தேட வேண்டும். “பதிவில் எதுவும் இல்லை” என்று என்னிடம் சொன்னவர்களில் சிலர் வேறு நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

உண்மையிலேயே எந்த வரியும் இல்லையென்றால் அந்த அஞ்சல் உங்கள் சேவையகத்தின் வாசலுக்கே வரவில்லை. தடைப் பட்டியலை விட்டுவிட்டு, உங்கள் டொமைனின் எம்எக்ஸ் பதிவையும் (அஞ்சல் எந்தச் சேவையகத்துக்கு வரவேண்டும் என்று சொல்வது) இணைய இணைப்பையும் பாருங்கள்.

பட்டியலைத் திருத்திச் சேமித்தேன். ஒரு மாற்றமும் தெரியவில்லை.

‘ஹேஷ்’ வகைப் பட்டியலை நீங்கள் எழுத்துக் கோப்பாகத் திருத்தினாலும், போஸ்ட்ஃபிக்ஸ் வாசிப்பது அதிலிருந்து உருவாக்கப்பட்ட தரவுக் கோப்பைத்தான். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு ‘போஸ்ட்மேப்’ கட்டளையை இயக்கினால்தான் அந்தத் தரவுக் கோப்பு புதுப்பிக்கப்படும். ஒழுங்குக் கோவைப் பட்டியலுக்கு ‘போஸ்ட்மேப்’ தேவையில்லை. ‘போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோட்’ கொடுத்துவிடுங்கள். முதன்மை அமைப்புக் கோப்பை மாற்றினாலும் ரீலோட் வேண்டும்.

சோதிக்கும்போது ஒரு குழப்பம் வரும். ‘போஸ்ட்மேப்’ கட்டளையின் வினவல் முறையில் முழு மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால், பட்டியலில் டொமைன் மட்டும் இருக்கும்போது விடை எதுவும் வராது. தரப்பட்ட சொல் அப்படியே பட்டியலில் இருக்கிறதா என்பதை மட்டுமே அது பார்க்கும். சேவையகமோ முழு முகவரி, டொமைன், அதற்கு மேலுள்ள டொமைன் என்று படிப்படியாகத் தேடும். எனவே டொமைனை மட்டும் கொடுத்து வினவுங்கள்.

எல்லாம் சரியாக எழுதியிருக்கிறேன், வினவினால் விடையும் வருகிறது. ஆனாலும் அஞ்சல் உள்ளே வருகிறது.

கட்டுப்பாடுகளின் வரிசையைப் பாருங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் அவற்றை இடமிருந்து வலமாக வாசித்து, முதலில் கிடைக்கும் முடிவோடு அந்த வரிசையில் நின்றுவிடும். ‘பெர்மிட் மைநெட்வொர்க்ஸ்’ என்பது உங்கள் பட்டியலுக்கு முன்னால் இருக்குமானால், உள் வலையமைப்பிலிருந்து வரும் இணைப்பு எதற்கும் பட்டியல் பார்க்கப்படாது. அது சரியான ஒழுங்குதான். வெளியார் இணைப்பும் உள் இணைப்பாகத் தெரியும்போதே சிக்கல் வருகிறது.

முல்லைத்தீவில் ஒரு நண்பரின் அலுவலகத்தில் இதைத்தான் கண்டேன். பதிவுக் கோப்பைத் திறந்து மேலிருந்து கீழே பார்த்தோம். ஒவ்வொரு வரியிலும், எந்த நாட்டிலிருந்து வந்த அஞ்சலாக இருந்தாலும், இணைந்த முகவரி 192.168.1.1 என்றே இருந்தது. அது அவருடைய ரவுட்டரின் முகவரி. அஞ்சல் வந்துசேரும் 25ஆம் துறையை (போர்ட்) சேவையகத்துக்குத் திருப்பி விடும்போது, வெளியிலிருந்து வரும் இணைப்புகளின் மூல முகவரியை ரவுட்டர் தன் முகவரியாக மாற்றிக்கொண்டிருந்தது. உள் வலையமைப்பு என்று 192.168.1 வரிசை முழுவதும் எழுதப்பட்டிருந்ததால், உலகமே அவருடைய சேவையகத்துக்கு வீட்டுக்காரராகிவிட்டது. ஸ்பாம் உள்ளே வந்தது சிறிய கேடு. அந்த நிலையில் யார் வேண்டுமானாலும் அவருடைய சேவையகத்தின் வழியே வேறு இடங்களுக்கு ஸ்பாம் அனுப்பவும் முடியும். அன்றே ரவுட்டரில் அந்த முகவரி மாற்றத்தை நிறுத்தி, உள் வலையமைப்பாகச் சேவையகத்தின் சொந்த முகவரியை மட்டும் விட்டோம். அலுவலகக் கணினிகள் கடவுச்சொல் கொடுத்தே அனுப்பும்படி மாற்றினோம்.

சேவையகம் டொக்கர் கொள்கலனுக்குள் (மென்பொருளைத் தனியாகப் பிரித்து இயக்கும் முறை) இயங்கினாலும், வேறொரு வடிகட்டிச் சேவையகம் அஞ்சலைப் பெற்று உங்களுக்குக் கடத்தினாலும், இதேபோல எல்லாம் ஒரே முகவரியிலிருந்து வருவதாகத் தெரியக்கூடும். கடத்தும் சேவையகம் இருந்தால் தடையை அங்கேயே வைக்க வேண்டும். உங்களிடம் வந்த பிறகு மறுத்தால், திருப்பி அனுப்பும் வேலை அதன் தலையில் விழும், அதுவும் பெரும்பாலும் போலி முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும்.

ஒரு டொமைனைத் தடுத்தால் அதன் உப டொமைன்களும் தடுக்கப்படுமா?

போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான அமைப்பில் தடுக்கப்படும். ‘உதாரணம்.கொம்’ என்று எழுதினால் ‘செய்தி.உதாரணம்.கொம்’ என்பதும் அதற்குள் அடங்கும். ‘பேரன்ட் டொமைன் மேச்சஸ் சப்டொமைன்ஸ்’ அமைப்பிலிருந்து அக்சஸ் பட்டியலை எவரேனும் நீக்கியிருந்தால் மட்டும், உப டொமைன்களுக்கு முன்னால் புள்ளி வைத்த வரி ஒன்று தனியாக வேண்டும்.

நம் நாட்டு டொமைன்களில் இது ஆபத்தானது. எல்கே என்ற நாட்டுப் பெயருக்குக் கீழே கொம்.எல்கே, கவ்.எல்கே, ஏசி.எல்கே, எஸ்சிஎச்.எல்கே என்று வகைப் பெயர்கள் உள்ளன. வணிக நிறுவனங்கள், அரச அலுவலகங்கள், பல்கலைக்கழகங்கள், பாடசாலைகள் பல அவற்றுக்குக் கீழே பதிவு செய்கின்றன. ஒரு விளம்பரக்காரரைத் தடுக்க எழுதிய வரியில் முதற்பகுதி விடுபட்டால் அந்த வகை முழுவதும் அடைபடும்.

இதை நானே செய்தேன். கால போகத்துக்கு முன் விதைநெல்லுக்கு விலைமனுக் கேட்டிருந்த நாட்கள் அவை. களஞ்சியப் பொறுப்பாளர் காலையிலேயே வந்து நின்றார்: “தம்பி, அவையள் நேற்றே அனுப்பிப்போட்டம் எண்டு சொல்லினம், எங்களுக்கு ஒண்டும் வரேல்லை.” இணைப்பு மெதுவாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு பதிவைப் பார்த்தால், இரண்டு நாட்களாகக் கொம்.எல்கே என்று முடியும் எல்லா அனுப்புநர்களும் வரிசையாக 554 என்ற மறுப்பு எண்ணை வாங்கித் திரும்பியிருந்தார்கள். நான் எழுதிய வரியில் கொம்.எல்கே மட்டும் இருந்தது. விலைமனு அனுப்பியவர்களைத் தொலைபேசியில் அழைத்து மறுபடி அனுப்பச் சொல்லவேண்டி வந்தது. அந்த அழைப்புகளைக் களஞ்சியப் பொறுப்பாளர் முன்னால் இருந்தே எடுத்தேன். அன்றுமுதல் வரி ஒன்றைச் சேர்த்தால் அந்த நாள் முடிவதற்குள் அது எதையெல்லாம் மறுத்தது என்று பதிவில் தேடிப் பார்க்கிறேன்.

நல்ல அனுப்புநர் ஒருவரின் அஞ்சல் திரும்பிவிட்டது. எந்தத் தடை அதைத் தடுத்தது என்று எப்படி அறிவது?

அனுப்பியவருக்கு வந்த பிழை அறிவிப்பைக் கேட்டு வாங்குங்கள். “போகவில்லை” என்ற செய்தி மட்டும் போதாது. ‘554 5.7.1’ என்ற எண்ணோடு ‘அக்சஸ் டினைட்’ என்றிருந்தால் அது உங்கள் சொந்தப் பட்டியலின் வேலை. அதே எண்ணோடு ‘பிளொக்ட் யூசிங்’ என்று வந்து ஒரு பட்டியலின் பெயர் தொடர்ந்தால், தடுத்தது வெளியார் தடைப் பட்டியல் ஒன்று, அதாவது ஸ்பாம் அனுப்பும் முகவரிகளை மற்றவர்கள் தொகுத்து டிஎன்எஸ் வழியே தரும் பட்டியல். (டொமைன் பெயருக்குரிய ஐபி முகவரி போன்ற விவரங்களைத் தேடித் தரும் சேவையே டிஎன்எஸ்.) ‘450 4.1.8’, ‘டொமைன் நொட் ஃபவுண்ட்’ என்றால் அனுப்புநரின் டொமைனை உங்கள் சேவையகத்தால் டிஎன்எஸ்ஸில் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. ‘கிரேலிஸ்டட்’ என்றிருந்தால் அஞ்சல் மறுக்கப்படவில்லை, சற்றுப் பொறுக்கும்படி சொல்லப்பட்டிருக்கிறது. இதைச் செய்யும் போஸ்ட்கிரே மென்பொருளின் இயல்பான காத்திருப்பு 300 விநாடி.

4இல் தொடங்கும் எண் தற்காலிகமானது, அனுப்பும் சேவையகம் மீண்டும் முயலும். 5இல் தொடங்கினால் முடிந்தது. அனுப்பியவரேதான் மறுபடி அனுப்ப வேண்டும்.

மின்சாரம் நின்று வந்த பிறகு எல்லா டொமைன்களும் ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று மறுக்கப்படுகின்றன.

வன்னியில் இந்தக் கேள்விக்குத் தனி இடம் உண்டு. சேவையகம் எழுந்துவிடும், ரவுட்டரின் இணைப்பு இன்னும் வந்திருக்காது. அந்த இடைவெளியில் வரும் டிஎன்எஸ் தோல்விகளுக்கு ‘ரிஜெக்ட் அன்நோன் சென்டர் டொமைன்’ கட்டுப்பாடு 450 என்று தற்காலிக மறுப்பையே தருகிறது. எனவே அஞ்சல் இழக்கப்படாது. அந்த எண்ணை 550 ஆக மாற்றும்படி சொல்லும் வழிகாட்டிகளைப் பின்பற்ற வேண்டாம்.

சில நிமிடங்களில் சரியாகாமல் மணிக்கணக்காக நீடித்தால் சேவையகத்தின் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய கணினிகளின் தாய்ப்பலகையில் நாணயம்போல ஒரு 2032 மின்கலம் இருக்கும். அது செத்திருந்தால், மின்சாரம் நின்று வந்ததும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போய்விடும். டிஎன்எஸ்செக் சரிபார்ப்பு (டிஎன்எஸ் விடைகளின் கையொப்பத்தைச் சோதிப்பது) செய்யும் அன்பவுண்ட் போன்ற டிஎன்எஸ் மென்பொருளுக்கு, கையொப்பங்கள் செல்லுபடியாகும் காலம் இன்னும் தொடங்காததுபோலத் தெரியும். அது எல்லா விடைகளையும் நிராகரிக்கும். நேரத்தைத் திருத்தும் சேவையோ தன் நேர வழங்கியின் பெயரை டிஎன்எஸ்ஸில் தேட முயன்று, அதே நிராகரிப்பில் மாட்டிக்கொண்டு நிற்கும். கையால் நேரத்தைத் திருத்தினால் உடனே எல்லாம் ஓடத் தொடங்கும். மின்கலத்தை மாற்றுவதோடு, ஐபி முகவரியாலேயே அழைக்கக்கூடிய நேர வழங்கி ஒன்றையும் அமைப்பில் எழுதி வையுங்கள்.

மின்தடையின்போது சேவையகம் முழுதாக நின்றுபோவது பற்றிப் பதறத் தேவையில்லை. மீள முயலும் காலம் பொதுவாகக் குறைந்தது 4 முதல் 5 நாட்கள் இருக்க வேண்டும் என்று ஆர்எஃப்சி 5321 சொல்கிறது; போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான அளவும் 5 நாட்களே. 2022இல் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் இல்லாதிருந்த நாட்களையும் அந்த அவகாசம் தாங்கியது.

திடீரென்று எல்லோருடைய அஞ்சலும் வெளியார் தடைப் பட்டியலின் பெயரால் மறுக்கப்படுகிறது. உலகம் முழுவதும் ஒரே நாளில் கெட்டுப்போயிருக்காதே?

கெட்டுப்போகவில்லை. உங்கள் சேவையகம் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாகப் பட்டியலைக் கேட்கிறதா என்று பாருங்கள். ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் இலவசப் பட்டியல்கள் பொது டிஎன்எஸ் வழியாக வரும் வினவல்களை ஏற்பதில்லை, அவற்றுக்கு 127.255.255.254 என்ற விடையைத் தருகின்றன. அது ஒரு பிழைக் குறியீடு. ஆனால் ‘ஏதாவது விடை வந்தால் மறு’ என்று அமைக்கப்பட்ட சேவையகம் அதையும் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளும். இணைய இணைப்பை மாற்றிய மறுநாள் இந்த முறைப்பாடு வந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். புதிய ரவுட்டர் பொது டிஎன்எஸ்ஸைக் கொடுத்திருக்கும். சேவையகத்திலேயே சொந்த டிஎன்எஸ் தீர்ப்பியை (பெயர்களைத் தானே தேடும் மென்பொருள்) இயக்குங்கள். மறுப்பதற்குரிய விடை எண்களை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்.

மூடப்பட்ட பட்டியல்களை அமைப்பில் விட்டுவைப்பதும் இதே விளைவைத் தரலாம். 2006இல் மூடப்பட்ட ஓஆர்டிபி பட்டியல், 2008 மார்ச்சில் கேட்ட முகவரி அனைத்துக்கும் ‘ஆம்’ என்று சொல்லத் தொடங்கி, அதை நீக்காதிருந்த சேவையகங்களை ஒரே நாளில் ஊமையாக்கியது. நீண்டகாலம் பயன்பாட்டிலிருந்த சோர்ப்ஸ் பட்டியல் 2024 ஜூனில் மூடப்பட்டது. உங்கள் கோப்பில் அந்தப் பெயர் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

எமது சொந்த டொமைனின் பெயரிலேயே எமக்கு ஸ்பாம் வருகிறது. எமது டொமைனையே தடுத்துவிடலாமா?

கடவுச்சொல் கொடுத்து அனுப்புவோரை அனுமதிக்கும் வரிக்குப் பின்னால் அந்தத் தடையை வைத்தால், வெளியிலிருந்து உங்கள் பெயரை உறையில் எழுதி வரும் அஞ்சல்கள் மறுக்கப்படும். சிறிய அலுவலகத்துக்கு இது பயனுள்ள வழி. ஆனால் அதற்குமுன், உங்கள் பெயரில் வெளியிலிருந்து நியாயமாக அனுப்புவோரை எண்ணிப் பாருங்கள்: இணையத்தளத்தின் தொடர்புப் படிவம், வெளியே வாங்கிய கணக்கு மென்பொருள், உங்களவர் எழுதும் அஞ்சலைத் திருப்பி அனுப்பும் குழு முகவரி.

இதற்கென்றே அமைந்த வழி எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகிய மூன்றும். எந்த ஐபி முகவரிகள் உங்கள் டொமைனை உறையில் எழுதலாம் என்பதை எஸ்பிஎஃப் சொல்லும். டிகிம் அஞ்சலில் கையொப்பமிடும். திரையில் தெரியும் ‘ஃபிரம்’ டொமைனோடு இவற்றில் ஒன்றாவது ஒத்துப்போக வேண்டும் என்று டிமார்க் கேட்கும். முதற் கேள்வியில் சொன்ன உறை, கடிதம் என்ற பிளவை இணைப்பது இந்த மூன்றாவதுதான். டிமார்க் கொள்கையை முதலில் ‘நன்’ (எதையும் மறுக்க வேண்டாம்) என்று வைத்து, வரும் அறிக்கைகளைச் சில வாரங்கள் பார்த்து, விடுபட்டவர்களைச் சேர்த்த பின்னரே ‘ரிஜெக்ட்’ என்று மாற்றுங்கள். எஸ்பிஎஃப் பதிவைச் சரிபார்க்கும்போது 10க்கு மேற்பட்ட டிஎன்எஸ் தேடல்கள் தேவைப்பட்டால் அந்தச் சரிபார்ப்பே பிழையாக முடியும். வாங்கிய ஒவ்வொரு சேவையின் பெயரையும் அதில் அடுக்கிக்கொண்டே போக முடியாது.

2024 பெப்ரவரி முதல் கூகிளும் யாகூவும் தங்களுக்கு வரும் அஞ்சல்களில் இவற்றை வற்புறுத்துகின்றன. நாளொன்றுக்கு 5,000க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புவோர் மூன்றையும் வைத்திருக்க வேண்டும். குறைவாக அனுப்புவோரும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும்.

ஜிமெயிலிலிருந்து ஸ்பாம் வருகிறது. ஜிமெயிலைத் தடுக்கலாமா?

வேண்டாம். உங்கள் உறுப்பினர்களில் பாதிப்பேர் அங்கேதான் இருப்பார்கள். அந்தத் தனி முகவரியை மட்டும் பட்டியலில் எழுதுங்கள், அல்லது உள்ளடக்கத்தைப் பார்க்கும் வடிகட்டியிடம் விடுங்கள்.

அனுமதிப் பட்டியலில் ‘ஓகே’ என்று எழுதினால் போதுமா?

எங்கே எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பெறுநர் கட்டுப்பாடுகளில், ‘ரிஜெக்ட் அன்ஒத் டெஸ்டினேஷன்’ வரிக்கு முன்னால் அனுப்புநர் பட்டியலொன்றை வைத்து ‘ஓகே’ சொன்னால், பழைய பதிப்புகளில் அந்த டொமைனின் பெயரைப் போலியாக எழுதிய எவரும் உங்கள் சேவையகத்தின் வழியே உலகுக்கு அஞ்சல் அனுப்பலாம். 2013இல் வெளிவந்த 2.10 பதிப்பு, அஞ்சலை வேறு இடங்களுக்குக் கடத்துவதற்கான கட்டுப்பாடுகளைத் தனியாகப் பிரித்ததற்கு இத்தகைய தவறுகள் ஒரு காரணம். ‘ஓகே’ அது இருக்கும் கட்டுப்பாட்டு வரிசைக்கு மட்டுமே செல்லும் என்பதையும் மறக்க வேண்டாம். அனுப்புநர் வரிசையில் அனுமதித்த அஞ்சலைப் பெறுநர் வரிசையிலுள்ள வெளியார் பட்டியல் தடுக்கலாம்.

அஞ்சலுக்குப் புள்ளியிட்டு ஸ்பாமைக் கண்டுபிடிக்கும் ஸ்பாம்அசாசின் வடிகட்டியில், பெயரை மட்டும் நம்பும் அனுமதி வரி 100 புள்ளியைக் கழித்துவிடும். ஸ்பாம் என்று முடிவுசெய்யும் இயல்பான எல்லை வெறும் 5 புள்ளி. போலிப் பெயர் எழுதியவருக்கும் அந்தச் சலுகை கிடைக்கும். எஸ்பிஎஃப் அல்லது டிகிம் தேறினால் மட்டும் அனுமதிக்கும் வகையைப் பயன்படுத்துங்கள்.

தமிழ் எழுத்திலுள்ள டொமைனைத் தடுக்க முடியவில்லை.

‘.இலங்கை’ என்ற உயர்நிலை டொமைன் 2010இலேயே வழங்கப்பட்டது. ஆனால் டிஎன்எஸ்ஸில் அது தமிழ் எழுத்தில் இருப்பதில்லை. எக்ஸ், என் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் இரண்டு இடைக்கோடுகளும் முன்னால் வரும் ஒரு குறியீட்டு வடிவில் இருக்கும். பதிவுக் கோப்பில் காணும் வடிவத்தை அப்படியே பட்டியலுக்கு எடுத்து எழுதுங்கள். உங்கள் சேவையகம் பன்மொழி முகவரிகளை ஏற்கும்படி அமைந்திருந்தால் இரண்டு வடிவங்களையும் எழுதுவது பாதுகாப்பு.

மறுப்பதா, சத்தமில்லாமல் விழுங்கிவிடுவதா?

மறுப்பதே முறை. ‘டிஸ்கார்ட்’ என்று எழுதினால் அனுப்பியவருக்குப் போய்ச் சேர்ந்ததாகவே தெரியும். தவறாகச் சிக்கியவர் மறுபடி அனுப்பமாட்டார். மேலே சொன்ன விதைநெல் விடயத்தில் நான் ‘டிஸ்கார்ட்’ எழுதியிருந்தால், அவர்கள் அனுப்பியதாகவும் நாங்கள் பெறவில்லை என்றும் சொல்லிக்கொண்டே விதைப்புக் காலம் கடந்திருக்கும்.

உறையில் அனுப்புநர் முகவரியே இல்லாத அஞ்சல்களையும் முழுதாகத் தடுக்க வேண்டாம். திரும்பி வரும் பிழை அறிவிப்புகள் அந்த வடிவில்தான் வரும்.

பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எப்போது வரிகளை நீக்குவது?

ஸ்பாம் அனுப்புவோர் ஒரு டொமைனைச் சில நாட்கள் பாவித்துவிட்டு எறிந்துவிடுவார்கள். பிறகு அந்தப் பெயரை வேறொருவர் நல்ல நோக்கத்தோடு வாங்கவும் கூடும். ஒவ்வொரு வரிக்கும் மேலே திகதியையும் யாருடைய முறைப்பாடு என்பதையும் குறிப்பாக எழுதுங்கள். நான் போகத்துக்கு ஒருமுறை, அறுவடை முடிந்து அலுவலகம் சற்று ஓய்ந்திருக்கும் வாரத்தில், கடந்த 90 நாட்களில் பதிவுக் கோப்பில் ஒருமுறையேனும் தோன்றாத வரிகளை எடுத்துவிடுகிறேன். அதற்குப் பதிவுக் கோப்புகளை அவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும். பல சேவையகங்களில் அவை 4 வாரங்களிலேயே அழிந்துவிடும்படி அமைந்திருக்கின்றன. முதலில் அந்த அமைப்பை மாற்றுங்கள்.